போனில் சொன்னால் போதும்

இதை நான் சரியாகத்தான் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம். மூன்று வருடம் ஆகிவிட்டது. அது பங்குனி மாதம் என்று நான் சொல்கிறேன். "இல்லடி, சித்திரை பொறந்துடுச்சு" என்கிறார் அம்மா. தம்பி அறிவரசனைக் கேட்டால், "அன்னைக்கு யானை வந்துச்சு" என்கிறான். யானை எதுவும் வரவில்லை. அவனுக்கு அப்போது நாலு வயது.

பிரவீணா அக்கா போட்டிருந்த சுடிதார் பச்சையா நீலமா என்பதும் மறந்துவிட்டது. கோபம் மட்டும் மறக்கவில்லை.

அதனால் கோபத்தைப் பிடித்துக்கொண்டே கதையைச் சொல்கிறேன். மற்றவை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் வீடு அரியலூரில் இருக்கிறது. அப்பா சிமென்ட் லாரி ஓட்டுகிறார். கேரளாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப எட்டு நாள், பத்து நாள் ஆகும். அம்மா பெயர் செல்லக்கிளி. வீட்டிலேயே வெங்காய வடகம் போட்டு விற்கிறார்.

வெயில் காலம் வந்தால் எங்கள் வீட்டில் வேறு எந்த வாசனையும் கிடையாது. பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம் மூட்டையாக வந்து இறங்கும். அம்மா அதை நறுக்கி, பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், உப்பு எல்லாம் போட்டுப் பிசைவார். உருண்டை பிடித்து மாடியில் காய வைப்பார். மறுநாள் அதையே உதிர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு மறுபடி உருட்டுவார். சுண்ணாம்புக்கல் லாரி போகும்போது பறக்கும் புழுதி படாமல் இருக்க, மேலே பழைய கொசுவலை.

இந்த வடகத்துக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. சொந்தக்காரர்கள்தான் எல்லாம். முதலில் ரெட்டிபாளையத்தில் இருக்கும் மணிமாறன் மாமாவுக்கு ஒரு டப்பா கொடுத்தார் அம்மா. மாமா அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். சிமென்ட் ஆலையில் வேலை. அத்தை அந்த வடகத்தைப் போட்டு மீன் குழம்பு வைத்தார். வாசனை எதிர் வீட்டுக்குப் போனது. எதிர் வீட்டில் கேட்டார்கள். பிறகு அந்தத் தெருவே கேட்டது.

அப்படியே செந்துறையில் ஒரு சித்தி, உடையார்பாளையத்தில் அய்யம்பெருமாள் தாத்தா, லப்பைக்குடிக்காட்டில் சாகிரா அக்கா. அறிவு பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சாகிரா அக்கா. அவர் வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். வருடா வருடம் எங்கள் வடகம் விமானத்தில் போகும். நாங்கள் யாரும் போனதில்லை.

அந்த வருடம் வைகாசியில் அறிவுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். யார் யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு லிஸ்ட் எழுத வேண்டியிருந்தது. அம்மாவின் இரண்டு கையும் முழங்கை வரை வெங்காயம்.

"முத்தமிழு, நீ எழுது. நான் சொல்றேன்."

நான் நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் 'நேரில் போக வேண்டியவர்கள்' என்று எழுதினேன். வலது பக்கம் 'போனில் சொன்னால் போதும்' என்று எழுதினேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் இது பெரிய விஷயம். சிலர் வீட்டுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்து நேரில் போய்த்தான் அழைக்க வேண்டும். தட்டோடு வந்தவர்களை எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்க வேண்டும். எல்லார் வீட்டுக்கும் அப்படிப் போக முடியாது. ஆனால் எல்லாரும் தங்களை நேரில் அழைப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அம்மா பெயர்களைத்தான் சொன்னார். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்று பாதிப் பேருக்குச் சொல்லவில்லை. நானே யோசித்து எழுதினேன். அம்மாவின் போனைப் பார்த்து நம்பரும் எழுதினேன். சும்மா பெயரும் நம்பரும் மட்டும் எழுதினால் போரடிக்கிறது என்று பக்கத்தில் அடைப்புக்குறி போட்டுக் குறிப்பும் எழுதினேன்.

செந்துறைச் சித்தி (ஒரு போன் அரை மணி நேரம்).

அய்யம்பெருமாள் தாத்தா (ஒரே கதையை மூணு தடவை சொல்வார்).

"மாமாவ எழுதிட்டியா?" என்றார் அம்மா.

"எழுதிட்டேன்மா."

எழுதிவிட்டேன்தான். எந்தப் பக்கம் என்று அம்மா கேட்கவில்லை. கேட்கவே வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

இரண்டு நாள் கழித்து ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது.

"செல்லக்கிளி! என்னைத் தெரியுதா?"

"ஏ பிரவீ! வாடி, வா. இரு, கையக் கழுவிட்டு வரேன்."

பத்தாம் வகுப்பில் அம்மாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவராம். பெயர் பிரவீணா.

"வாங்க ஆன்ட்டி" என்றேன்.

"ஆன்ட்டி இல்ல பாப்பா, அக்கான்னு கூப்பிடு."

ஒரே வகுப்பில் படித்தவர்களில் ஒருவர் எனக்கு அம்மா, இன்னொருவர் அக்கா. எப்படி என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் கூப்பிட்டேன்.

அவர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே பழுப்பு நிறப் பவுடர்.

"காலைல ஒரு ஸ்பூன், சாயந்தரம் ஒரு ஸ்பூன். முட்டி வலி, முடி கொட்டுறது, ஞாபக மறதி எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்."

அறிவு விரலை விட்டு நக்கிப் பார்த்தான். "மண்ணு மாதிரி இருக்கு" என்றான். அவன் மண் தின்ற அனுபவம் உள்ளவன்.

பிரவீணா அக்கா அதைக் கேட்காதது போல இருந்தார். "நீ விக்கக்கூட வேணாம் செல்லக்கிளி. ஆள் சேத்துவிட்டாப் போதும். உனக்குக் கீழ ரெண்டு பேரு, அவங்களுக்குக் கீழ நாலு பேரு. நீ பாட்டுக்கு வூட்ல உக்காந்திருக்கலாம், வருமானம் தானா வரும்."

"நான் எங்கடி வூட்ல உக்காந்திருக்கேன்?" என்றார் அம்மா. காலை ஐந்து மணிக்கு எழுந்து அவர் உட்கார்ந்ததே அப்போதுதான்.

"உனக்குத் தெரிஞ்சவங்க நூறு பேர் பேர எழுதிக் குடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

அம்மா டப்பாவை மூடி அவர் பக்கமே தள்ளினார்.

"வடகம் என் கையால போடுறேன் பிரவீ. அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதே. தெரியாதத எப்படிச் சொந்தக்காரங்களுக்குக் குடுப்பேன்? வேணாம்டி. தப்பா நெனச்சுக்காத."

"அம்மா, காக்கா!" என்று மாடியிலிருந்து அறிவு கத்தினான். எப்போது மேலே போனான் என்று தெரியவில்லை. அம்மா மாடிக்கு ஓடினார்.

"பாப்பா, குடிக்கத் தண்ணி கொண்டா" என்றார் பிரவீணா அக்கா.

நான் சொம்போடு திரும்பி வந்தபோது டிவி மேல் இருந்த லிஸ்ட் நோட்டு நாற்காலியில் விரிந்து கிடந்தது. அவர் அதன் மேல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

அவர் கொஞ்சம்கூடத் திடுக்கிடவில்லை. "இது யாரு எழுதினது?"

"நான்தான்."

"எவ்ளோ அழகான கையெழுத்து! முத்து முத்தா இருக்கு. எம் பையன் எழுதுறான் பாரு, கண்ணு வலிக்கும். அவன்கிட்ட காட்டத்தான் போட்டோ எடுத்தேன்."

எங்கள் தமிழ் ஐயா என் கையெழுத்தைக் கோழி கிளறியது என்பார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. நான் அம்மாவிடம் சொல்லவும் இல்லை.

மூன்றாம் நாள் செந்துறைச் சித்தி போனை எடுக்கவில்லை. எப்போதும் முதல் மணிக்கே எடுப்பவர். உடையார்பாளையத்துக்கு அனுப்ப வேண்டிய வடகத்தை, "இப்ப வேணாம், இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். மணிமாறன் மாமா தினமும் எட்டு மணிக்கு வேலை முடிந்து வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்வார். "சாப்ட்டியா பாப்பா?" என்று மட்டும் கேட்பார். அன்றைக்கு எட்டு மணி வந்தது. எட்டே கால் ஆனது. போன் வரவில்லை.

"டவர் இல்லையோ என்னவோ" என்றார் அம்மா.

மறுநாளும் டவர் இல்லை. அதற்கு மறுநாள் சாகிரா அக்காதான் கூப்பிட்டார்.

"செல்லக்கிளி, மனசுல வச்சுக்கிட்டு இருக்க முடியல, நேராவே கேட்டுடறேன். நீங்க பவுடர் கம்பெனில சேந்துட்டீங்களா?"

"இல்லியே! யாரு சொன்னா?"

"பிரவீணான்னு ஒரு பொண்ணு. 'செல்லக்கிளிதான் உங்க பேரக் குடுத்தா, அவளும் சேந்துட்டா, நீங்களும் சேரணும்னு சொல்றா'ன்னுச்சு. நான் நம்பலம்மா. ஒடனே அத்தாட்சின்னு ஒரு போட்டோ அனுப்பிச்சு. உங்க வூட்டு நோட்டு போலருக்கு. அனுப்புறேன், பாருங்க."

போட்டோ வந்தது. நடுவில் கோடு. இடது பக்கம், வலது பக்கம். என் கோழி கிளறல்.

அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். மேலிருந்து கீழே வந்தார். வலது பக்கத்தில் எட்டாவது பெயரில் அவர் விரல் நின்றது.

போனில் சொன்னால் போதும்: மணிமாறன் மாமா.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தாய்மாமன் இல்லை என்றால் காதுகுத்தே இல்லை. அவரை யாராவது போனில் அழைப்பார்களா? எங்கள் ஊரில் இதை ஆட்டுக்குட்டியிடம் கேட்டால்கூட இல்லை என்று சொல்லும். நான் மட்டும் எழுதியிருக்கிறேன்.

அந்தப் போட்டோ லிஸ்ட்டில் இருந்த எல்லாருக்கும் போயிருந்தது. எல்லாரும் முதலில் தங்கள் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் பார்த்திருக்கிறார்கள்.

அம்மா மறுபடி சித்திக்குப் போன் போட்டார். இந்த முறை சித்தி எடுத்தார்.

"சொல்லுங்கக்கா! நாந்தான் போன் லிஸ்ட்டாச்சே! போன்லயே சொல்லுங்க! ஆனா சீக்கிரம் சொல்லுங்க. நான் அரை மணி நேரம் பேசுவேனாம்ல!"

பட்டென்று வைத்துவிட்டார்.

நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறிப்பு எழுதியது, மாமாவை வலது பக்கம் போட்டது, போட்டோ எடுத்ததைப் பார்த்தது, கையெழுத்து அழகு என்றதும் வாயை மூடிக்கொண்டது. எல்லாம்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு அம்மா பிரவீணா அக்காவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அட, இதுக்குப் போயி ஏன்டி கோவிச்சுக்கற? பிசினஸ்னா இப்படித்தான். உம் பேருக்கு ஒரு மதிப்பு இருக்கு செல்லக்கிளி. அத நீ சும்மா வச்சிருந்த. நான் எடுத்து யூஸ் பண்ணிக்கிட்டேன். அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்!

எங்கள் வீட்டுக் குடையையோ சைக்கிளையோ கேட்காமல் எடுத்துக்கொண்டு போயிருந்தால் திருட்டு என்று சொல்லலாம். அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டு போனதற்கு என்ன சொல்வது? எனக்குக் காதெல்லாம் சுட்டது. அம்மா ஐந்து வருடம் வெயிலில் நின்று சேர்த்த பெயர் அது. ஒரு கல் கூட அகப்படாத வடகம் என்று ஊரெல்லாம் சொல்கிற பெயர். அதை ஒரு போட்டோவில் எடுத்துப் பவுடர் டப்பாவின் மேல் ஒட்டிவிட்டார்.

அம்மா கொசுவலையை மடித்து வைத்தார். மாடியில் காய்ந்த வடகம் இரண்டு பெரிய டின் நிறைய இருந்தது.

"இதோட நிறுத்திடலாம் முத்து. வாங்குறதே சொந்தக்காரங்கதான். அவங்களே மூஞ்சியத் திருப்பிக்கிட்டா யாருக்குப் போடுறது?"

"நேர்ல போயி சொல்லலாம்மா."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எங்கண்ணன் வாசப்படிய மிதிப்பேன்?"

"நீங்க வேணாம். எழுதினது நான். நான் போறேன்."

அம்மா எழுந்து எவர்சில்வர் தட்டைத் துடைத்தார். வெற்றிலை, பாக்கு, ஆறு வாழைப்பழம், மஞ்சள், பத்திரிகை எல்லாவற்றையும் பையில் கட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை டவுன் பஸ்ஸில் எங்களை ஏற்றிவிட்டு, எங்கள் வடகப் பார்சலை எப்போதும் கொண்டுபோகிற கண்டக்டரிடம், "ரெட்டிபாளையத்துல பாத்து எறக்கிவிடுங்கண்ணே" என்றார் அம்மா. எனக்குப் பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டு. ஐந்து வயது ஆகாததால் அறிவுக்குச் சீட்டே கிடையாது; அதற்காக வழியெல்லாம் அழுதான்.

மாமா வீட்டு வாசலில் இருந்த வேப்ப மரம்கூடச் சிமென்ட் தூசி படிந்து சாம்பல் நிறத்தில் இருந்தது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பேப்பரை இறக்கவில்லை.

"எதுக்கு இவ்ளோ தூரம்? போன்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அத்தை உள்ளேயிருந்து வந்தார். "புள்ளைங்கள வாசல்ல நிக்க வச்சுக்கிட்டு என்ன பேச்சு? உள்ள வாங்கடா கண்ணுங்களா."

நான் உள்ளே போய்த் தட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். மாமாவின் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன். மாமா எழுந்திருக்கவில்லை. தட்டு கனக்க ஆரம்பித்தது. வாழைப்பழம் ஆறு என்றாலும் நின்றுகொண்டே பிடித்தால் அறுபது மாதிரி இருக்கிறது.

"மாமா" என்றான் அறிவு, தன் காதைப் பிடித்துக்கொண்டு. "உங்க மடியிலதான் குத்தணுமாம். எங்ககிட்ட வேற மடி இல்ல."

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மாமா பேப்பரை இன்னும் மேலே தூக்கினார்.

"அம்மா எழுதல மாமா" என்றேன். "அம்மா கையில வெங்காயம். நான்தான் எழுதினேன்."

பேப்பர் அசையவில்லை. "ஏன் என்னைய அந்தப் பக்கம் போட்ட?"

"நேர்ல போற வூட்டுக்கெல்லாம் வருசத்துக்கு ஒரு தடவதான் போறோம். அவங்கள்லாம் நம்மள மறந்துடுவாங்கன்னு நேர்ல போட்டேன். நீங்க தெனம் எட்டு மணிக்கு போன் பண்றீங்க. உங்களுக்கு நாங்க போன்ல சொன்னாலே, நேர்ல சொன்ன மாதிரிதானேன்னு நெனச்சேன்."

மின்விசிறி சுற்றியது. எதிர் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். மாமா பேப்பரை மடித்தார். அதை மறுபடி மடித்தார். பிறகு எழுந்து நின்று, துண்டைச் சரி செய்துகொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

"வூட்டுல உங்கம்மா சாப்ட்டாளா?" என்றார்.

அத்தை ஃபிரிட்ஜ் மேலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்து வந்து காட்டினார். அதே பவுடர்.

"உங்கம்மா சொன்னான்னுதானே அவ வித்தா? வேற யாரு பேரச் சொல்லியிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். எதுத்த வூட்டுக்காரங்களையும் வாங்க வச்சுட்டேன்டி. இப்ப எந்த மொகத்த வச்சுக்கிட்டு அவங்கள பாப்பேன்?"

இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் தட்டு கையில் இருந்திருந்தால் கீழே போட்டிருப்பேன். நல்ல வேளை, தட்டு மாமாவிடம் இருந்தது.

மாமாவுக்கும் கோபம். "அந்தப் பொண்ணு வூடு எங்க இருக்கு? வண்டிய எடுக்கறேன், வா."

"இப்ப வேணாம் மாமா."

"ஏன்?"

"அவங்கள அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல போன் லிஸ்ட்டு. எல்லாரும் அம்மா மேல கோவமா இருக்காங்க. பவுடரும் வாங்கி வச்சிருக்காங்க. ரெண்டுக்கும் நேர்லதான் போகணும்."

மாமா தட்டைக் கீழே வைத்தார். "வலது பக்கம் எத்தன பேரு?"

"இருபத்திரண்டு. உங்களோட சேத்து."

"என்னோடது முடிஞ்சுது. இருபத்தொண்ணு."

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் மாமாவின் மோட்டார் சைக்கிளில் போனோம். முன்னால் டேங்க் மேல் அறிவு, பின்னால் நான், என் மடியில் தட்டு. ஒவ்வொரு வீட்டிலும் நானே சொன்னேன். "எழுதினது நான். அம்மா இல்ல. அம்மா பவுடர் கம்பெனில சேரவும் இல்ல, உங்க பேரக் குடுக்கவும் இல்ல. போட்டோ கேக்காம எடுத்தது. பவுடர் வாங்கியிருந்தா குடுங்க, திருப்பிக் குடுத்துடறோம்."

உடையார்பாளையத்தில் அய்யம்பெருமாள் தாத்தா முந்திரி மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் ஒரே கதைய மூணு தடவ சொல்றேனா?" என்று கண்ணை உருட்டினார்.

"மன்னிச்சுடுங்க தாத்தா."

"மன்னிக்கிறது இருக்கட்டும். இந்த மரத்த நான் எப்படி வச்சேன் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். நாங்கள் கிளம்புவதற்குள் மூன்று தடவை சொல்லி முடித்தார். மாமா ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போல "அப்படியா!" என்றார்.

செந்துறைச் சித்தி தட்டை வாங்கவே மாட்டேன் என்றார். ஆனால் ஏன் வாங்க மாட்டேன் என்பதை விளக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பேசி முடித்தபோது தட்டு அவர் கையில் இருந்தது. எப்போது வாங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை.

இரண்டாவது ஞாயிறு மாலை எங்கள் பையில் ஒன்பது டப்பா சேர்ந்திருந்தது. அதோடு பிரவீணா அக்கா வீட்டுக்குப் போனோம்.

போகும் வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவு திறந்ததும் பாதி மறந்துவிட்டது. கூடத்தில் ஜன்னல் வரைக்கும் அட்டைப் பெட்டிகள். எல்லாம் பவுடர். அவர் பையன் ஒரு பெட்டியை மேசையாக வைத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

மாமா வாசலிலேயே நின்றுகொண்டார். நான் டப்பாக்களை வரிசையாகக் கீழே வைத்தேன்.

"இதென்ன பாப்பா?"

"எங்க அம்மா பேரச் சொல்லி நீங்க வித்தது."

அவர் டப்பாக்களைப் பார்த்தார். "எனக்கும் எனக்கு மேல இருக்கறவங்க இப்படித்தான் தள்ளிவிட்டாங்க. எங்க சொந்தத்துல ஒருத்தரும் இப்ப இந்த வூட்டுப் பக்கம் வர்றதில்ல. நான் போன் பண்ணா எடுக்கறதில்ல. வேற யாருகிட்ட போவேன்?"

எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று இன்னும் கோபம் வந்தது. உங்கள் சொந்தக்காரர்கள் போனை எடுக்கவில்லை என்றால், எங்கள் சொந்தக்காரர்களும் எடுக்காமல் போக வேண்டுமா?

"அக்கா, அந்தப் போட்டோவ அழிங்க."

அழித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"யாருக்கெல்லாம் அனுப்பினீங்களோ எல்லாருக்கும் எழுதுங்க. 'செல்லக்கிளி சேரவில்லை. பெயரும் தரவில்லை. நான்தான் கேட்காமல் எடுத்தேன்.' அப்படியே எழுதுங்க."

"'கேட்காமல் எடுத்தேன்'னும் எழுதணுமா?"

"அதுதான் முக்கியம்."

அவர் வாசலைப் பார்த்தார். மாமா அங்கேயே நின்றார். பையன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் எழுதினார். ஒவ்வொருவருக்கும் அனுப்பினார். கடைசியில் மாமாவின் சட்டைப் பையிலும் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது.

"இத்தன டப்பாவையும் வச்சுட்டுப் போறியே, நான் என்ன பண்ணுவேன் பாப்பா?"

"உங்களுக்கு யாரு குடுத்தாங்களோ அவங்ககிட்டயே கொண்டுபோயிக் குடுங்க. போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டாங்க. நேர்ல போங்க" என்றேன்.

லிஸ்ட் முடிந்த அன்றுதான் எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் மறுபடி போன் அடித்தது. அம்மா எடுத்தார். "சாப்ட்டேண்ணே" என்றார்.

மறுநாள் காலை மாடியில் கொசுவலையை விரித்துக் கட்டினார்.

காதுகுத்து வைகாசியில் நடந்தது. லிஸ்ட்டில் இருந்தவர்களில் மூன்று பேர் தவிர எல்லாரும் வந்தார்கள். அறிவு மாமாவின் மடியில் உட்கார்ந்து அவர் கையைக் கடித்துவிட்டான். அந்தத் தழும்பை மாமா இப்போதும் எல்லாரிடமும் காட்டுகிறார்.

டின்னில் இருந்த வடகம் அந்த மாதமே தீர்ந்தது. இப்போது அம்மாவோடு வெங்காயம் நறுக்க எங்கள் தெருவைச் சேர்ந்த இரண்டு பேர் வருகிறார்கள். சாகிரா அக்கா கத்தாருக்கு இரண்டு பார்சல் அனுப்புகிறார். அத்தை எதிர் வீட்டுக்காரர்களோடு சமாதானமாகிவிட்டார். அய்யம்பெருமாள் தாத்தாவின் முந்திரி மரம் போன வருடக் காற்றில் சாய்ந்துவிட்டது. அவர் நன்றாக இருக்கிறார். அறிவு இரண்டாம் வகுப்பு படிக்கிறான். கடுக்கனில் ஒன்றைத் தொலைத்துவிட்டான்.

பிரவீணா அக்கா நேரில் போய்ச் சண்டை போட்டுப் பாதி டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்தாராம். எங்கள் ஆட்களுக்குத் தர வேண்டிய பணத்தையும் தந்துவிட்டார். இப்போது ஜெயங்கொண்டத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். வெயில் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து வடகம் வாங்கிக்கொண்டு போகிறார்.

அம்மா அவரிடம் பேசுகிறார். நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டேன், இன்னும் பேசவில்லை.